ஆறு யூஎஸ்பி போர்ட்களும் ஏன் ஊமையாயின: தோ பாயோ வீட்டுக் கணினி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மார்கழி மாத மாலை ஒன்றில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவரிடம் படித்த என் நண்பர் ஒருவர் எண்ணைக் கொடுத்திருக்கிறார். "தம்பி, என் கணினியில் யூஎஸ்பி எதுவுமே வேலை செய்யவில்லை. மவுஸ் நின்றுவிட்டது, அச்சுப்பொறி நின்றுவிட்டது. கோப்புகளையாவது வெளியே எடுக்கலாம் என்று தம்ப் டிரைவைச் செருகினேன், அதுவும் தெரியவில்லை. கடையில் மதர்போர்டு போய்விட்டது, புதிய கணினி வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள்" என்றார்.

நான் பகலில் அலுவலகக் கணினிகளைப் பராமரிப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர்கள் வீட்டுப் பழைய கணினிகளைப் பார்த்துக் கொடுப்பது பதினைந்து ஆண்டாக நடக்கிறது. "எதுவுமே வேலை செய்யவில்லை" என்ற சொல்லை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்த ஒரு சொல்லுக்குள் பெரும்பாலும் இரண்டு மூன்று வேறு வேறு கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். தனித்தனியாகப் பிரித்துப் பார்க்காதவர் ஒன்றைச் சரிசெய்துவிட்டு, இன்னும் ஓடவில்லையே என்று அதையும் கைவிட்டுவிடுவார். ஆசிரியர் வீட்டில் நடந்ததும் அதுதான். அதனால்தான் எழுதுகிறேன்.

வீடும் இயந்திரமும்

சிங்கப்பூரின் தோ பாயோவில் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் ஒன்றில் மூவறை வீடு. கணினி இருந்த மேசை சமையலறைக்குப் போகும் வழியில், சன்னலை ஒட்டி. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். மழை நாளில் அந்தச் சன்னல் திறந்திருந்தால் சாரலும் உள்ளே வரும். இதை மனத்தில் குறித்துக்கொண்டேன். பின்னால் உதவியது.

இயந்திரம் 2010ஆம் ஆண்டு வாக்கில் செய்தது. இன்டெல் கோர் 2 டுவோ செயலி, ஜி41 சிப்செட், யூஎஸ்பியைக் கவனிக்கும் ஐசிஎச்7 சிப், 2 ஜிகாபைட் நினைவகம், விண்டோஸ் 7. பின்பக்கம் நான்கு யூஎஸ்பி போர்ட்கள்: மேலே ஒரு ஜோடி, இணையக் கம்பி செருகும் இடத்துக்குக் கீழே இன்னொரு ஜோடி. முன்பக்கம் இரண்டு. விசைப்பலகை மட்டும் பழைய பிஎஸ்2 வகை, ஊதா நிறச் செருகி. அது ஓடிக்கொண்டிருந்ததால்தான் ஆசிரியர் இரண்டு மாதமாக மவுஸ் இல்லாமல், அம்புக்குறி விசைகளையும் டேப் விசையையும் வைத்தே வேலை பார்த்திருக்கிறார். எழுபத்து நான்கு வயது. நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் செய்துகாட்டிய வேகம் என்னை அசத்தியது.

புதியது வாங்கிக் கோப்புகளை மாற்றிக்கொண்டால் போதாதா? போதாது. அவருடைய பாடக்குறிப்புகளில் பெரும்பகுதி ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முன் வந்த முறைகளில் தட்டச்சு செய்தவை. சில திஸ்கி என்ற பழைய குறியீட்டில், சில அந்தந்த எழுத்துருவுக்கே உரிய குறியீட்டில். வேறு கணினியில் திறந்தால் எழுத்துகள் எல்லாம் கொம்பும் காலும் இடம் மாறிய குறிகளாகத் தெரியும். தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி முன்னின்று 1997இல் இங்கே நடத்திய தமிழிணைய மாநாட்டுக் காலத்துப் பழக்கம் அது. அன்று ஒவ்வொருவரும் ஒரு மென்பொருளையும் ஓர் எழுத்துருவையும் பிடித்துக்கொண்டு எழுதினார்கள். அந்த மென்பொருள் நிறுவிய கணினி உயிரோடு இருக்கும்வரைதான் அந்தக் கோப்புகள் வாசிக்கும் நிலையில் இருக்கும். மாற்றிகள் உண்டு. ஆனால் மாற்றியபின் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்க, பழையது ஓடும் ஒரு கணினி வேண்டும்.

முதலில் கோப்புகள்

எந்தச் சோதனையும் தொடங்குமுன் சுவர் சுவிட்சை அணைத்தேன். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, வன்தட்டை வெளியே எடுத்து, என் மடிக்கணினியில் மாற்றிக் கம்பி வழியாக இணைத்து ஆசிரியரின் கோப்புறை முழுவதையும் நகலெடுத்தேன். ஆறு ஜிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நேரத்தில் அவரிடம் கேள்விகள் கேட்டேன்.

எது முதலில் நின்றது? மவுஸும் அச்சுப்பொறியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில். எப்போது? தீபாவளிக்குச் சில நாள் முன்பு. அப்போது வீட்டில் என்ன நடந்தது? வீட்டைச் சுத்தம் செய்தோம், மேசையை நகர்த்தினோம். மவுஸ் முழுவதுமாக நின்றதா, விட்டுவிட்டு வந்ததா? இந்தக் கேள்விக்குத்தான் அவர் சற்று யோசித்துச் சொன்னார்: "மேசையைத் தட்டினால் சில நேரம் உயிர் வரும் தம்பி. மருமகன் மவுஸ் கம்பியில்தான் கோளாறு என்று புதியது வாங்கிவந்தார். அதுவும் அப்படியே."

கடைசியாக, தம்ப் டிரைவ் இந்தக் கணினியில் இதற்கு முன் என்றைக்காவது வேலை செய்ததா என்று கேட்டேன். செய்ததில்லை, ஏனென்றால் செருகியதே இல்லை. கோப்புகளை மின்னஞ்சலில் அனுப்புவார், இல்லையென்றால் குறுந்தட்டில் எழுதுவார். கணினி 2015இல் ஓர் அலுவலகம் மூடப்பட்டபோது கைமாறி வந்தது.

அப்படியானால் நின்றுபோனவை மவுஸும் அச்சுப்பொறியும்தான். தம்ப் டிரைவ் நின்றுபோகவில்லை, அது தொடங்கியதே இல்லை. இதை ஒரு தாளில் தனியாக எழுதிவைத்தேன்.

ஒவ்வொரு போர்ட்டிடமும் மூன்று கேள்வி

யூஎஸ்பி 2.0 கம்பிக்குள் நான்கு இழைகள்: சிவப்பில் 5 வோல்ட், கறுப்பில் கிரவுண்ட், வெள்ளையிலும் பச்சையிலும் தரவு. கருவியைச் செருகியதும் முதலில் மின்சாரம் கிடைக்க வேண்டும். செருகியின் உள்ளே பார்த்தால் ஓரத்து இரண்டு தகடுகள் நடு இரண்டைவிட நீளமாக இருப்பது அதற்காகத்தான். மின்சாரம் கிடைத்த கருவி தரவு இழை ஒன்றை 1.5 கிலோ ஓம் மின்தடை வழியாக மேலே இழுத்து "நான் வந்திருக்கிறேன்" என்று காட்டும். மவுஸ் போன்ற மெதுவான கருவி ஓர் இழையை இழுக்கும், தம்ப் டிரைவ் மற்றொன்றை. கணினி உடனே "நீ யார்" என்று விசாரிக்கும். கருவி தன் வகையையும் எண்ணையும் சொல்லும். அதன்பிறகுதான் விண்டோஸ் வந்து அதை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் தேடும்.

ஆகவே கேள்விகள் மூன்று. மின்சாரம் வருகிறதா? பேச்சு நடக்கிறதா? விண்டோஸ் ஏற்றுக்கொள்கிறதா? இவற்றை இந்த வரிசையில் கேட்காமல் நேராக மூன்றாவதற்குத் தாவுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் எல்லா யூஎஸ்பி கன்ட்ரோலர்களையும் நீக்கிவிட்டு மறுபடி தொடங்கு என்ற அறிவுரையைப் பலரும் முதல் மருந்தாகச் சொல்கிறார்கள். விசைப்பலகையும் யூஎஸ்பியாக இருக்கும் வீட்டில் அதைச் செய்தால் அடுத்த விசையை அழுத்தவே வழி இருக்காது. ஆசிரியரின் மருமகன் அதைச் செய்திருந்தார். பிஎஸ்2 விசைப்பலகை இருந்ததால் தப்பித்தார்கள்.

வன்தட்டை மறுபடி பொருத்திக் கணினியை ஏற்றினேன். தம்ப் டிரைவ் அளவே உள்ள சிறிய யூஎஸ்பி மின்னளவி ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். அதை ஒவ்வொரு போர்ட்டிலும் செருகினேன். முன்பக்கம் இரண்டிலும் திரையே ஒளிரவில்லை. பின்பக்கக் கீழ் ஜோடியிலும் இல்லை. மேல் ஜோடியில் 5.02 வோல்ட் காட்டியது. அளவியின் மறுமுனையில் மவுஸைச் செருகினேன். அடிப்பக்கத்துச் சிவப்பு விளக்கு எரிந்தது, மங்கியது, மறுபடி எரிந்தது. விண்டோஸ் கருவி வந்த ஒலியையும் போன ஒலியையும் மாறி மாறி எழுப்பியது. அளவியில் 0.09 ஆம்பியர். அழுத்தம் 4.21 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது.

யூஎஸ்பி 2.0 விதிப்படி கணினியின் போர்ட்டில் 4.75 முதல் 5.25 வோல்ட்வரை இருக்க வேண்டும். சுமை இல்லாதபோது 5.02, ஒரு மவுஸைச் சுமந்ததும் 4.21 என்றால், வழியில் எங்கோ ஒரு மின்தடை உட்கார்ந்திருக்கிறது. 0.81ஐ 0.09ஆல் வகுத்தால் 9 ஓம். நல்ல இணைப்பில் ஓர் ஓமில் சிறு பங்குகூட இருக்கக் கூடாத இடத்தில் 9 ஓம்.

ஆக, பெட்டிக்குள் தேடுவதற்கு முன்பே ஒன்று தெரிந்துவிட்டது. நான்கு போர்ட்களில் மின்சாரமே இல்லை, இரண்டில் மின்சாரம் நலிந்திருக்கிறது. இவை ஒரே கோளாறாக இருக்க வாய்ப்புக் குறைவு.

பயாஸும் லினக்ஸும்

விண்டோஸுக்கு முன்பே இயங்கும் பயாஸ் அமைப்பில் யூஎஸ்பி கன்ட்ரோலர், யூஎஸ்பி 2.0 இரண்டும் இயக்கத்தில்தான் இருந்தன. மதர்போர்டின் நாணய வடிவ பேட்டரி 3 வோல்ட்டுக்குப் பதில் 2.6 காட்டியது. அது முழுதாகத் தீர்ந்திருந்தால் அமைப்புகள் தொடக்க நிலைக்குப் போயிருக்கும். பேட்டரியை மாற்றினேன், ஆனால் அது குற்றவாளி இல்லை.

அடுத்து விண்டோஸை விலக்கிவிட்டுப் பார்ப்பது. பப்பி லினக்ஸைக் குறுந்தட்டிலிருந்து ஏற்றினேன். 2 ஜிகாபைட் நினைவகத்தில் நன்றாக ஓடும் இலகுவான அமைப்பு அது. யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையைக் கொடுத்ததும், கன்ட்ரோலருக்கு ஒன்றாக ஐந்து வேர் மையங்கள் வரிசையாக வந்தன: பழைய வேகத்துக்கு நான்கு, 480 மெகாபிட் வேகத்துக்கு ஒன்று. ஐசிஎச்7 சிப்பில் இருக்க வேண்டியவை சரியாக இவையே. சிப் உயிரோடு இருக்கிறது, ஐந்து கன்ட்ரோலர்களும் பதில் சொல்கின்றன. "மதர்போர்டு போய்விட்டது" என்ற தீர்ப்பு அந்த ஐந்து வரிகளில் விழுந்தது. ஆசிரியரைத் திரைக்கு அழைத்துக் காட்டினேன். ஐந்தையும் விரல் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலிக்குத் திரும்பினார்.

லினக்ஸின் உள்ளகமான கர்னலின் பதிவேட்டில் இன்னொரு செய்தி இருந்தது. நான்கு போர்ட்களில் ஒரே நேரத்தில் மின்னோட்ட மிகை என்ற எச்சரிக்கை. விலை குறைந்த மதர்போர்டுகளில் ஃபியூஸுக்குப் பின்னால் உள்ள அழுத்தத்தைத்தான் சிப் கவனிக்கும். அங்கே அழுத்தம் விழுந்தால் யாரோ அளவுக்கு மீறி உறிஞ்சுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும். சில மதர்போர்டுகள் இதே நிலையில் திரையில் எச்சரித்துவிட்டு 15 வினாடியில் கணினியையே அணைத்துவிடும். இது அணைக்காத வகை. விண்டோஸ் 7 இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான்கு போர்ட்களும் ஒரே வினாடியில் முறையிட்டால் அந்த நான்குக்கும் ஃபியூஸ் ஒன்று என்பது பொருள்.

அச்சுப்பொறி கொடுத்த துப்பு

அச்சுப்பொறியின் கம்பி பின்பக்கக் கீழ் ஜோடியில் இருந்தது. மேசைக்குப் பின்னால் மற்றக் கம்பிகளோடு கட்டிவைத்திருந்ததால் யாரும் அதை இடம் மாற்றிப் பார்க்கவில்லை. கட்டை அவிழ்த்து, மவுஸைக் கழற்றிவிட்டு, அச்சுப்பொறியை மேல் ஜோடியில் செருகினேன். விண்டோஸ் அதைப் புதிய அச்சுப்பொறியாக எண்ணி இரண்டாவது பெயரில் நிறுவிக்கொண்டது. சோதனைப் பக்கம் அச்சாகி வந்தது.

மவுஸ் ஓடாத போர்ட்டில் அச்சுப்பொறி ஓடுகிறது. அச்சுப்பொறிக்குச் சுவரிலிருந்து சொந்த மின்சாரம் உண்டு, போர்ட்டிலிருந்து அது ஏறக்குறைய எதுவும் எடுப்பதில்லை. மவுஸுக்கும் தம்ப் டிரைவுக்கும் போர்ட்டை விட்டால் வேறு கதி இல்லை. தரவு இழைகள், கன்ட்ரோலர், விண்டோஸின் அடிப்படை டிரைவர்கள் எல்லாம் நலமாக இருக்கின்றன, மேல் ஜோடிக்குக் குறை மின்சாரத்தில் மட்டுமே என்பதை அந்த ஒரு தாள் உறுதிசெய்தது. கருவி எதுவும் இல்லாதவர்கள் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை இது.

ஆசிரியர் அந்தச் சோதனைப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சுட்ட ஃபியூஸ்

கணினியை விண்டோஸ் வழியாக அணைத்தேன், சுவர் சுவிட்சை மட்டும் விட்டுவைத்தேன். பக்கத் தகட்டைத் திறந்து, பின்பக்க போர்ட்களுக்கு அருகே பச்சை நிறத்தில் அரிசிப் பொரி அளவில் இருந்த ஃபியூஸ்களைத் தேடினேன். இரண்டு இருந்தன. ஒன்று குளிர்ந்திருந்தது. மற்றொன்றின்மேல் விரல் நுனியை வைத்தேன், சட்டென்று எடுத்துவிட்டேன். கணினி அணைந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. அது அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போல் சுட்டது.

இந்த வகை ஃபியூஸ் அறுந்துபோவதில்லை. மின்னோட்டம் மிகுந்தால் சூடாகும், சூடானதும் அதன் மின்தடை பல மடங்கு ஏறி வழியை அடைத்துவிடும். காரணம் நீங்கி ஆறினால் மறுபடி திறக்கும். அணைந்த கணினியில் ஏன் சுடுகிறது? விசைப்பலகையைத் தொட்டால் கணினி விழித்துக்கொள்ளும் வசதிக்காகப் பல மதர்போர்டுகளில் யூஎஸ்பிக்குக் காத்திருப்பு மின்சாரத்தைக் கொடுக்க ஒரு ஜம்பர், அதாவது ஊசிகளை இணைக்கும் சிறு மூடி, வைத்திருப்பார்கள். இதில் அந்த ஜம்பர் அப்படித்தான் இருந்தது. சுவர் சுவிட்ச் போட்டிருக்கும்வரை, கணினி தூங்கினாலும் போர்ட்களுக்கு 5 வோல்ட் போய்க்கொண்டே இருக்கும். தீபாவளிக்கு முன்னிருந்து அந்தச் சிறிய ஃபியூஸ் இரவும் பகலும் வெந்துகொண்டே இருந்திருக்கிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மதர்போர்டில் 5 வோல்ட் இருக்கும் இடத்தை விரலால் தொட்டுப் பார்க்கலாம். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக் கூடாது. அதற்குள் வருவது 230 வோல்ட், கம்பியைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும்.

சுவர் சுவிட்சை அணைத்து, கம்பியையும் பிடுங்கி, மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து ஒவ்வொரு போர்ட்டின் 5 வோல்ட் தகட்டுக்கும் உலோகக் கூட்டுக்கும் இடையே அளந்தேன். மேல் ஜோடியில் சில கிலோ ஓம், அது இயல்பு. கீழ் ஜோடியில் 0.7. முன்பக்கத்தில் 0.6. குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) எங்கோ இருக்கிறது. முன்பக்கத்திலிருந்து மதர்போர்டுக்கு வரும் ஒன்பது ஊசிச் செருகியைப் பிடுங்கினேன். கீழ் ஜோடியின் அளவு உடனே கிலோ ஓமுக்கு ஏறியது. முன்பக்கக் கம்பியில் 0.6 அப்படியே நின்றது.

டார்ச் விளக்கை முன்பக்கத்து இடது போர்ட்டுக்குள் அடித்துப் பார்த்தேன். நடுவில் இருக்க வேண்டிய கறுப்பு பிளாஸ்டிக் நாக்கு பாதியில் முறிந்து சாய்ந்திருந்தது. அதன்மேல் ஒட்டியிருந்த நான்கு தகடுகளில் ஓரத்தில் இருந்த 5 வோல்ட் தகடு சுருண்டு மேலெழும்பி உலோகக் கூட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. கூடு கிரவுண்டோடு இணைந்தது. ஆசிரியரைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு நிமிர்ந்தவர், "பேரன் அதில்தான் கைப்பேசிக்கு மின்னூட்டுவான். மேசையை இழுத்தபோது கம்பி அதிலேயே இருந்தது" என்றார்.

முன்பக்கத்தில் ஒரு நாக்கு முறிந்ததற்குப் பின்பக்கத்தில் இருந்த அச்சுப்பொறி நின்றுபோனது, இரண்டுக்கும் ஃபியூஸ் ஒன்று என்பதால். பின்பக்கத்தை மட்டும் பார்த்தவர்கள் மதர்போர்டைக் குற்றம் சொன்னதில் வியப்பில்லை.

முன்பக்கச் செருகியைப் பிடுங்கிய நிலையிலேயே அரை மணி நேரம் ஆறவிட்டு மின்சாரம் கொடுத்தேன். கீழ் ஜோடியில் 4.98 வோல்ட். ஒருமுறை அடைத்த ஃபியூஸ் முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பாது, மின்தடை சற்றுக் கூடியே நிற்கும். ஆனாலும் மவுஸைச் செருகியபின் 4.93 இருந்தது. அதை மாற்ற வேண்டியதில்லை என்று முடிவுசெய்தேன்.

ஜம்பர் மூடி

மேல் ஜோடியின் 9 ஓம் இன்னும் மிச்சம். இந்த மதர்போர்டில் அந்த ஜோடிக்கு ஒரு ஜம்பர், கீழ் ஜோடிக்கும் முன்பக்கத்துக்கும் சேர்த்து இன்னொன்று. மேல் ஜோடியின் ஜம்பர் சன்னல் பக்கம் திரும்பிய காற்றுத் துளைகளுக்கு நேரே இருந்தது. மூடியைக் கழற்றியபோது ஊசிகளின் பொன்னிறம் மங்கிப் பழுப்பேறியிருந்தது, ஒன்றின் அடியில் பச்சை நிறத்தில் பூத்திருந்தது. மூடியை மறுபடி மாட்டி இரு ஊசிகளுக்கிடையே அளந்தேன்: 8.6 ஓம். மூடியை விரலால் அசைத்தபோது எண் 2க்கு இறங்கியது, 14க்கு ஏறியது. மேசையைத் தட்டினால் மவுஸுக்கு உயிர் வந்தது இதனால்தான். புதிய மவுஸ் வாங்கிய செலவும் வீண்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து ஊசிகளைத் துடைத்தேன். உலர்ந்ததும் பென்சில் அழிப்பானை மெல்லிய துண்டாக வெட்டித் தேய்த்து, தூளை ஊதி எடுத்தேன். மூடியைத் திரும்பப் பயன்படுத்தவில்லை. உள்ளிருக்கும் பித்தளைத் தகடு தளர்ந்துவிட்டால் துடைத்துப் பயனில்லை. பழைய ஐடிஇ வன்தட்டுகளில் முதன்மை, துணை என்று குறிக்க மாட்டியிருக்கும் மூடிகளும் இதே அளவு. அப்படி ஒன்று என் பையில் இருந்தது. மாட்டி அளந்தேன்: 0.1 ஓம். மவுஸோடு மேல் ஜோடியில் 4.97 வோல்ட்.

அப்போது மாலை நான்கு மணி. ஆசிரியரின் மனைவி தேநீர் கொண்டுவந்தார். ஆசிரியர் மவுஸைப் பிடித்து ஒரு கோப்புறையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

மூன்றாவது பூட்டு

இனித் தம்ப் டிரைவ். செருகினேன். அதன் விளக்கு எரிந்தது, கருவி வந்த ஒலியும் கேட்டது. கணினிக் கோப்புறையில் எதுவும் தோன்றவில்லை. "பார்த்தீர்களா, அப்படியேதான் இருக்கிறது" என்றார் ஆசிரியர். தாளில் தனியாக எழுதிவைத்த வரியை அவருக்குக் காட்டினேன்.

மறுபடி லினக்ஸைக் குறுந்தட்டிலிருந்து ஏற்றினேன். தம்ப் டிரைவ் உடனே வந்தது, கோப்புகளும் திறந்தன. மின்சாரம் உண்டு, பேச்சும் உண்டு. மிச்சம் மூன்றாவது கேள்வி மட்டும். விண்டோஸுக்குத் திரும்பி டிவைஸ் மேனேஜரைப் பார்த்தால், தம்ப் டிரைவுக்கு எதிரே மஞ்சள் முக்கோணம், அதற்குள் குறி எண் 32. இந்தக் கருவியின் டிரைவர் சேவை முடக்கப்பட்டிருக்கிறது என்பது அதன் பொருள். பலரும் அறிந்த குறி எண் 43 வேறு, அது கருவியே கோளாறு சொல்வதால் நிறுத்தியது. குறி எண் 28 டிரைவரே இல்லை என்பது. எண்ணைப் பார்க்காமல் மஞ்சள் நிறத்தை மட்டும் பார்த்து டிரைவர் தேடப் போவது நேர விரயம்.

விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திறந்து, முதலில் ஒரு நகல் எடுத்துவைத்துக்கொண்டு, லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கன்ட்ரோல் செட், சர்வீசஸ் என்று இறங்கி யூஎஸ்பிஸ்டோர் என்ற கிளைக்குப் போனேன். அங்கே ஸ்டார்ட் என்ற மதிப்பு 4 ஆக இருந்தது. 4 என்றால் முடக்கம். இயல்பாக இருக்க வேண்டியது 3, தேவைப்படும்போது ஏற்று என்பது.

இது கோளாறே இல்லை. முன்பு இந்தக் கணினியை வைத்திருந்த அலுவலகத்தில் யாரோ தெரிந்தே போட்ட பூட்டு. 2008 இறுதியில் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் புழு, தம்ப் டிரைவின் தானியங்கித் தொடக்கம் வழியாகவும் கணினிக்குக் கணினி தாவியது. அந்த ஆண்டுகளில் பல அலுவலகங்கள் தம்ப் டிரைவை மட்டும் இப்படி அடைத்தன. மவுஸும் அச்சுப்பொறியும் வேறு டிரைவரில் ஓடுவதால் அவற்றை இது தொடாது. கைமாறியபோது யாரும் விண்டோஸை மறுபடி நிறுவவில்லை. பூட்டும் கூடவே வந்துவிட்டது. நல்ல நோக்கத்தோடு போட்ட பூட்டுதான், ஆனால் விற்குமுன் எடுத்திருக்க வேண்டும்.

4ஐ 3 ஆக மாற்றிக் கணினியை மறுபடி தொடங்கினேன். அலுவலகங்கள் விதிகளைப் போடும் குழுக் கொள்கையில் வேறு தடையோ எழுதவிடாத தடையோ இருக்கிறதா என்றும் தேடினேன், இல்லை. தம்ப் டிரைவ் ஈ என்ற எழுத்தோடு வந்து நின்றது. தானியங்கித் தொடக்கத்தை மட்டும் அணைத்துவைத்தேன். விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14இலேயே முடிந்துவிட்டது. ஆகவே இணையக் கம்பியைப் பிடுங்கி, இனி இந்தக் கணினி தட்டச்சுக்கும் அச்சுக்கும் மட்டும் என்று பேசி முடிவுசெய்தோம். மின்னஞ்சலுக்கு அவரிடம் கைப்பேசி இருக்கிறது.

முன்பக்கத்துக்கு மாற்று

முறிந்த முன்பக்கப் போர்ட்டைப் பழுதுபார்க்க முயலவில்லை. அதே அளவுள்ள பலகை கிடைப்பது அரிது. அடுத்த சனிக்கிழமை தேக்காவில் காய்கறி வாங்கப் போனபோது, அப்படியே நடந்து கணினிக் கடைகள் உள்ள சிம் லிம் ஸ்குவேருக்குப் போய், பெட்டியின் பின்பக்கத்துக் காலி இடத்தில் பொருத்தும் இரட்டை போர்ட் தகடு ஒன்றை ஆறு வெள்ளிக்கு வாங்கினேன்.

மாட்டுமுன் ஊசிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். யூஎஸ்பி செருகியில் பத்து இடங்களில் ஒன்று காலியாக இருக்கும், ஒன்பது ஊசிகள். சில மதர்போர்டுகளில் ஃபயர்வயர் என்ற வேறு வகைச் செருகியும் இதே உருவத்தில் இருக்கும், அதில் வருவது 12 வோல்ட். அங்கே தவறி மாட்டினால் அடுத்து செருகும் கருவி அக்கணமே கருகும். பலகையில் அச்சிட்ட பெயரைப் படித்து, சிவப்புக் கம்பி முதல் ஊசியில் வருகிறதா என்று பார்த்து, மாட்டியபின் எதையும் செருகாமல் அளவியை முதலில் வைத்தேன். 5.00, 5.00.

முன்பக்கத்து இரண்டு வாய்களையும் தடித்த ஒட்டுத்தாளால் மூடினேன். கம்பி இனி எங்கும் இணையவில்லை என்றாலும் பேரன் மறுபடி எதையாவது நுழைக்கக் கூடாது. ஆசிரியர் ஒரு பேனாவை எடுத்து அந்தத் தாளின்மேல், கரும்பலகையில் எழுதுவதுபோல் நிதானமாக, "இங்கே செருகாதே" என்று எழுதினார். மின்னூட்டக் கம்பிக்குச் சுவரில் தனி இடம் காட்டிக்கொடுத்தோம். பழைய பேட்டரியை அங்காடியில் இருந்த மின்கழிவுத் தொட்டியில் போட்டேன்.

அந்தக் காத்திருப்பு மின்சார ஜம்பரைக் கீழ் ஜோடியில் மட்டும் சாதாரண 5 வோல்ட் நிலைக்கு மாற்றிவைத்தேன். விசைப்பலகையால் கணினியை எழுப்பும் வசதியை அவர் பயன்படுத்துவதில்லை. மீண்டும் ஒரு குறுக்குச்சுற்று வந்தாலும், கணினியை அணைத்த இரவிலாவது ஃபியூஸ் ஆறும்.

பொங்கல் கழிந்து மூன்று வாரத்தில் மறுபடி போனேன். எல்லா போர்ட்களையும் மவுஸோடு அளந்து அதே தாளில் எழுதினேன்: மேல் ஜோடி 4.97, 4.96, கீழ் ஜோடி 4.93, 4.94, புதிய தகடு 4.95, 4.95. தம்ப் டிரைவில் முதல் நாற்பது பாடக்குறிப்புகள் ஒருங்குறிக்கு மாறியிருந்தன. ஒவ்வொன்றையும் பழைய எழுத்துருவில் அச்சிட்ட தாளோடு வரி வரியாக ஒப்பிட்டு, மாற்றி பிழைவிட்ட இடங்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார். பெரும்பாலும் "ஔ" வரும் சொற்கள். நாற்பத்தொன்றாவது கோப்பை அச்சுக்கு அனுப்பிவிட்டு, "தம்பி, ஒரு நிமிடம்" என்று எழுந்து போனார். தாள் வெளியே வந்துகொண்டிருந்தது.